இடது ஓரத்தில் ஒரு பாதிப் பூநாரை

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். வீட்டில், ஆபீஸில், பறவைப் படம் எடுக்கிற நாங்கள் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து வைத்திருக்கும் வாட்ஸ்அப் குரூப்பில், எல்லா இடத்திலும் இதைச் சொல்லிவிட்டார்கள். நானும் சிரித்துக்கொண்டே ஒத்துக்கொள்வேன். அந்த வாய் ஒருநாள் ஒரு மனிதருடைய கண்ணில் போய் நிற்கும் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. என் சிநேகிதரின் பார்வை போனதில் எனக்குப் பங்கு இருக்கிறது. நோயை நான் கொடுக்கவில்லை, வாஸ்தவம்தான். ஆனால் அது வந்துகொண்டிருப்பதை வாரா வாரம் என் கம்ப்யூட்டரில் பார்த்தவன் நான் ஒருவன்தான். பார்த்துவிட்டு நக்கலடித்தேன்.

அவர் துறைமுகத்தில் டிரைலர் ஓட்டினார். நான் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் கண்டெய்னர்களுக்கான பேப்பர் அடிக்கிறவன். பேப்பர் வருகிறவரை அவர் வண்டி கேட்டுக்கு வெளியே ரோட்டோரம் மணிக்கணக்கில் நிற்கும். ஒருநாள் நான் பேப்பரோடு போனபோது மனிதர் கேபினுக்கு மேல் ஏறி நின்று, விளக்குக் கம்பத்தில் காலில் மீனைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்த ஒரு விராலடிப்பான் பருந்தைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். கப்பலில் வேலை பார்க்கும் மச்சான் கொண்டுவந்து கொடுத்த கேமராவாம். "சத்தம் காட்டாதேயும் வே, இன்னும் வாய் வைக்கல" என்றார். எனக்கும் அதே கிறுக்கு உண்டு. பேப்பரைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அந்தப் பருந்து மீனைத் தின்று முடிக்கும்வரை நானும் நின்றேன். ஆபீஸிலிருந்து நாலு போன் வந்தது.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை என்றால் நாங்கள் இரண்டு பேரும்தான். அவர் கடற்கரைக் கிறிஸ்தவர். முதல் பூசை முடிந்த கையோடு பைக்கை எடுத்துக்கொண்டு வருவார். நான் தாமிரபரணிப் பக்கத்து வயக்காட்டு ஆள். எனக்கு ஞாயிற்றுக்கிழமை சாமி கிடையாது, அதனால் இட்லி கட்டுவது என் சோலி. ஆறுமுகநேரிப் பக்கத்து உப்பளங்களுக்குப் போவோம். வரப்பில் குப்புறப் படுத்துக் கிடப்போம். வெயில் ஏறினால் உப்பிலிருந்து கிளம்புகிற கானலில் படமெல்லாம் நெளியும், அதற்கு முன்னால் எடுத்துவிட வேண்டும். பூநாரை, ஆலா, நெடுங்கால் உள்ளான், அப்புறம் அவருக்கு ரொம்பப் பிடித்த உப்புக்கொத்தி. உள்ளங்கை அளவுச் சின்னப் பறவை அது. ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். "போர்ட்டுல புதுசா வந்த டிராபிக் போலீஸ் மாதிரி இருக்குலா" என்பார்.

மத்தியானம் என் வீட்டில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவோம். எடுத்த படத்தை அப்படியே யாரும் காட்டுவதில்லை. தூரத்துப் பறவை படத்தில் பொட்டு அளவுதான் இருக்கும்; வேண்டாத ஓரங்களை வெட்டினால்தான் பறவை என்று ஒன்று தெரியும். அதற்குப் பெயர் கிராப். பிறகு இறகு இறகாகத் தெரிவதற்குக் கொஞ்சம் கூர்மை ஏற்ற வேண்டும். அதை ஷார்ப் பண்ணுவது என்போம். இரண்டுமே சாம்பாருக்குப் பெருங்காயம் போடுகிற கணக்கு. போட்டது தெரியக்கூடாது. இதில் எனக்கு இரண்டு சட்டம் உண்டு. பறவை எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம் அதன் மூக்குக்கு முன்னால் இடம் விட வேண்டும். இறகைச் சுற்றி வெள்ளைக் கோடு விழுகிற அளவுக்குக் கூர்மை ஏற்றக்கூடாது. குரூப்பில் இந்த இரண்டையும் பத்து வருஷமாகச் சொல்லிச் சொல்லி எனக்கு 'சட்டாம்பிள்ளை' என்று பேர் ஆகிவிட்டது.

அவருடைய ஆரம்ப காலத்துப் படங்கள் என்னுடையதைவிட நல்ல படங்கள். பொறாமையோடுதான் சொல்கிறேன். முக்கால்வாசி வானத்தை வெறுமனே விட்டு, கீழே மூலையில் ஒரே ஒரு ஆலாவை வைப்பார். "அம்புட்டு எடத்துலயும் அது பறக்கணும்லா" என்பார். பிறகு பழைய லேப்டாப் ஒன்று வாங்கித் தானே வெட்டவும் ஷார்ப் பண்ணவும் ஆரம்பித்தார். எடுத்த படம், வெட்டிய படம் இரண்டையும் பென்டிரைவில் போட்டு என்னிடம் கொடுத்துவைப்பார். என் கம்ப்யூட்டரில் அவருக்கென்று ஒரு ஃபோல்டர் இருந்தது. நாள்வாரியாக அடுக்கி வைத்திருந்தேன்.

மாற்றம் எப்போது தொடங்கியது என்று அப்போது நான் கவனிக்கவில்லை. படம் கொஞ்சம் கொஞ்சமாக இறுகியது. முக்கால்வாசி இருந்த வானம் பாதியானது, கால் ஆனது, பிறகு இல்லாமலே போனது. பறவையின் தலை ஒரு விளிம்பில் இடிக்கும், வால் இன்னொரு விளிம்பில் இடிக்கும். கூர்மையோ, கேட்கவே வேண்டாம். உப்புக்கொத்தியைச் சுற்றிச் சுண்ணாம்பால் கோடு போட்டது மாதிரி இருக்கும். வானம் முழுக்க ரவையைக் கொட்டினாற்போலப் புள்ளி. குரூப்பில் நான் எழுதினேன்: "இது கொக்கா, கோலம் போட்ட கொக்கா?" எல்லோரும் சிரிக்கிற பொம்மையைப் போட்டார்கள். அவரும் போட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூநாரைக் கூட்டம் ஒன்றை வெட்டிக் கொண்டுவந்தார். ஆறு பறவைகள் வரிசையாக, தண்ணீரில் நிழலோடு. படம் எடுத்த விதத்தில் குறையே கிடையாது. ஆனால் இடது ஓரத்தில் ஏழாவது பறவை ஒன்று பாதியாக வெட்டுப்பட்டு நின்றது.

"இடது ஓரத்துல என்ன வே தொங்குது?" என்றேன்.

"எங்க?"

"இங்கன. பாதிப் பூநாரை. தலையும் இல்ல, கழுத்தும் இல்ல, வயிறும் ரெண்டு காலும் மட்டும் நிக்கு."

"எங்க வே?"

தலையைத் திருப்பித் திருப்பி, திரையில் மூக்கு உரசத் தேடினார். கண்டுபிடித்ததும் திடுக்கிட்டுப்போனார். "சவம், இது எப்பம் வந்துச்சு? நான் வெட்டும்போது இல்லையே!"

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். "ஆமா வே, நீரு வெட்டுன பெறகு பறந்து வந்து நின்னுருக்கும்" என்றேன். என் மனைவி காப்பி கொண்டுவந்து வைத்தாள். அவர் டம்ளரை எடுக்கக் கையை நீட்டி, அதைத் தட்டிவிட்டார். காப்பி கீபோர்டில் கொட்டியது. அதற்கும் சேர்த்துத் திட்டினேன்.

அந்த வருஷம் உப்பள வரப்பில் நடக்கும்போது இரண்டு தடவை பாத்திக்குள் கால் வைத்து முழங்கால்வரை சேறாகி எழுந்தார். டிரைலரின் இடது பக்கக் கண்ணாடி கேட் தூணில் இடித்து உடைந்ததாகச் சொன்னார். மறு மாதமே இன்னொரு கண்ணாடி. "ராத்திரி தூங்குதீரா, இல்ல வேற எதாவது சோலியா?" என்று கேட்டேன். "லென்ஸுல பூஞ்சை பிடிச்சிருக்கு போல வே, பறவை எல்லாம் மங்கலாத் தெரியுது" என்று லென்ஸை மதுரைக்குச் சர்வீசுக்கு அனுப்பினார். சுத்தமாக இருக்கிறது என்று திரும்பி வந்தது. அவர் நம்பவில்லை. லேப்டாப் திரை மேல் சந்தேகப்பட்டார். நான் அவருடைய ரசனை மேல் சந்தேகப்பட்டேன். பாருங்கள், இரண்டு பேருமே கண்ணை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் சந்தேகப்பட்டிருக்கிறோம்.

வேறு யாராவது இதைப் பார்த்திருந்தால், "என்னப்பா, கண்ணு தெரியலையா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருப்பார்கள். ரோட்டில் போகிற ஆள்கூடக் கேட்டிருப்பான். எனக்குத்தான் படம் தெரியும், கிராப் தெரியும், சட்டம் தெரியும்.

பள்ளிக்கூடம் ஒன்றில் பிள்ளைகளுக்காகப் பறவைப் படங்களைக் கண்காட்சியாக வைக்கச் சொல்லி எங்கள் குரூப்பைக் கேட்டார்கள். ஆளுக்கு இரண்டு படம் என்று பேச்சு. அவர் அந்தப் பூநாரைப் படத்தை மறுபடி வெட்டி அனுப்பியிருந்தார். இந்தத் தடவை பாதிப் பறவை இல்லை, ஆனால் முதல் பறவையின் மூக்கு அறுந்திருந்தது. எனக்கு அன்றைக்கு ஆபீஸில் ஏதோ எரிச்சல். அந்தப் படத்தில் சிவப்பு வட்டம் போட்டு, எல்லோரும் பார்க்கிற குரூப்பில் எழுதினேன்: "பறவைப் படம் கேட்டா பாஸ்போர்ட் படம் அனுப்புதாரு. பிள்ளைகள் பயந்துரும். இதை வைக்க முடியாது." சிரிக்கிற பொம்மைகள் வந்தன. இந்தத் தடவை அவர் போடவில்லை. சாயங்காலம் குரூப்பை விட்டு வெளியேறிவிட்டார் என்று ஒரு வரி மட்டும் வந்தது. அவராகக் கூப்பிடட்டும் என்று நான் இருந்தேன். எட்டு மாதம் இருந்தேன்.

கூப்பிட்டது அவர் வீட்டம்மா. "அண்ணே, ஒரு எட்டு வந்துட்டுப் போங்க" என்றாள். குரலே சரியில்லை, உடனே கிளம்பினேன்.

நான் வீட்டுக்குள் நுழைந்தபோது அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் பக்கவாட்டில் வந்தது தெரியவில்லை. "யாரு?" என்றார். நேர் எதிரே போய் நின்றதும் முகம் மலர்ந்தது. "ஏ, சட்டாம்பிள்ளை! வாரும், வாரும்." நடந்ததை அவர் மனைவிதான் சொன்னாள். லாரி லைசென்ஸைப் புதுப்பிக்க மருத்துவச் சான்றிதழுக்குப் போயிருக்கிறார். அங்கே சந்தேகப்பட்டுப் பெரிய கண் ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கிறார்கள். கண்ணுக்குள் நீர் அழுத்தம் ஏறி, நரம்பு ஓரத்திலிருந்து செத்துக்கொண்டே வந்திருக்கிறது. ஒரு கண் ஏறக்குறைய போய்விட்டது. இன்னொன்றில் நடுவில் மட்டும் கொஞ்சம் மிச்சம். சொட்டு மருந்து, ஆபரேஷன் எல்லாம் அந்த மிச்சத்தைக் காப்பாற்றத்தான், போனது வராது. வண்டியிலிருந்து இறக்கிவிட்டார்கள்.

"டாக்டரு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு அண்ணே, எப்பம் தொடங்குச்சுன்னு. எங்களுக்கு என்ன தெரியும்? வலி இல்ல, செவப்பு இல்ல. ஒரு வருசம், ஒண்ணரை வருசம் முந்தி வந்திருந்தா இம்புட்டுப் போயிருக்காதாம்" என்று அழுதாள்.

அவர் சிரித்தார். "விடுளா. கண்ணு கெட்ட பெறகு சூரிய நமஸ்காரம்னு சொல்லுவாவள்ளா, அது நாந்தான். மாதா கோயிலுக்குப் போற நமக்குச் சூரிய நமஸ்காரம் எதுக்கு?"

எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "பப்பாளித் தண்டை ஒடிச்சு அதுவழியாப் பாத்திருக்கீரா? அப்படி இருக்கு" என்றார்.

வீட்டுக்கு வந்து அவருடைய ஃபோல்டரைத் திறந்தேன். எடுத்த படமும் வெட்டிய படமும் பக்கம் பக்கமாக, நாள்வாரியாக. டாக்டர் கேட்ட கேள்விக்கு அங்கே பதில் இருந்தது. அகலமான வானம், பிறகு கொஞ்சம் குறைவு, பிறகு இன்னும் குறைவு. அவருக்குத் தெரிகிற அளவுக்குத்தான் அவர் படத்தை வைத்திருக்கிறார். தெரியாத ஓரத்தைக் கொண்டு அவர் என்ன செய்வார்? பறவை மங்க மங்கக் கூர்மையை ஏற்றியிருக்கிறார். எனக்குச் சுண்ணாம்புக் கோடாகத் தெரிந்தது அவருக்கு அப்போதுதான் பறவையாகத் தெரிந்திருக்கிறது. முதன்முதலில் வானம் குறைந்த படத்தின் தேதியைப் பார்த்தேன். டாக்டர் சொன்ன ஒன்றரை வருஷத்துக்கும் முந்தின தேதி. நான் அன்றைக்கு என்ன எழுதினேன் என்று போனில் தேடினேன். "இடம் விடும் வே, பறவைக்கு மூச்சு முட்டுது" என்று எழுதியிருந்தேன். பாவி, பாவி என்று என் தலையில் நானே அடித்துக்கொண்டேன். என் மனைவி பயந்துபோய் ஓடிவந்தாள்.

மறைத்து வைக்க எனக்குத் தைரியம் இல்லை. மறுநாளே அவரிடம் போய்ச் சொன்னேன். தேதி முதற்கொண்டு சொன்னேன். உம்ம படத்தைப் பார்த்தே நான் கண்டுபிடித்திருக்கலாம், என் வாய்க்கொழுப்பு என்னைத் தடுத்துவிட்டது, என்னை நாலு வார்த்தை திட்டும் வே என்றேன். தெருவில் மீன்காரி சத்தம் போட்டுக்கொண்டு போனாள்.

"நான் எங்கன்னு கேட்டேன்லா வே" என்றார் கடைசியில். "அந்தப் பூநாரைக்கு. ரெண்டு மட்டம் கேட்டேன். நீரு சிரிச்சீரு."

அதற்குப் பிறகு ஒரு நாளும் அதைப் பற்றி அவர் பேசியதில்லை. திட்டியிருக்கலாம். சட்டையைப் பிடித்து ஒரு அறை விட்டிருக்கலாம். எனக்கு இன்றைக்கும் ராத்திரி பகல் இல்லாமல் காதில் விழுவது அந்த 'எங்க வே' தான்.

அவர் கேட்டது ஒன்றுதான். "நீரு உப்பளத்துக்குப் போறதை விட்றாதேயும். போய் எடுத்துட்டு வாரும். எனக்குத் தெரியிற மாதிரி வெட்டிக் காட்டும்."

அதனால் இப்போது ஞாயிற்றுக்கிழமை தனியாகப் போகிறேன். எடுத்த படங்களை, நான் பத்து வருஷமாகத் திட்டிவந்த அதே விதத்தில் வெட்டுகிறேன். மூக்குக்கு முன்னால் இடம் கிடையாது. வால் விளிம்பில் இடிக்கும். அவருடைய சின்ன வட்டத்துக்குள் பறவை முழுசாக அடங்க வேண்டும், அவ்வளவுதான் சட்டம். கூர்மையைக் கடைசிவரைக்கும் ஏற்றுகிறேன். முதல் தடவை அப்படிச் செய்தபோது என் கை கூசியது. அடுத்தடுத்த வாரங்களில் அவருக்கு எது தெரியும், எது தெரியாது என்று கைக்கே பழகிவிட்டது. பென்டிரைவில் கொண்டுபோய், அவருடைய லேப்டாப்பில் போட்டு அவர் முன்னால் வைப்பேன். முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, நூல் கோக்கிறவர்போலத் தலையை மெல்ல அசைத்துப் பறவையைப் பிடிப்பார். பிடித்ததும் "ஆகா" என்பார். "இப்பந்தாம் வே உமக்குத் தொழில் பிடிபட்டிருக்கு. உப்புக்கொத்திக் கண்ணுக்குள்ள வெயில் தெரியுது பாரும்." அந்த 'ஆகா'வுக்காக வாரம் முழுக்கக் காத்திருப்பேன்.

வட்டம் சின்னதாகிக்கொண்டே வந்தது. நானும் இறுக்கிக்கொண்டே வந்தேன். முழுப் பறவை அடங்காமல் கழுத்துவரைக்கும், பிறகு தலை மட்டும், பிறகு கண்ணும் மூக்கும் மட்டும் என்று ஆனது. அப்போதும் "ஆகா" வந்தது. அதனால் மருந்து கேட்கிறது, இன்னும் கொஞ்ச காலம் ஓட்டிவிடலாம் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை விராலடிப்பானின் முகம் என்று சொல்லிப் படத்தை வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கக் குசினிப் பக்கம் போனேன். அவர் மனைவி அடுப்பில் குழம்பு வைத்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் படிப்பைப் பற்றி இரண்டு வார்த்தை பேசினோம். கூடத்திலிருந்து அவர் குரல் வந்தது.

"யப்பா, என்ன பார்வை வே இது! ஊசி மாதிரில்லா இருக்கு. ஆனா மூக்குக்கு முன்னால கொஞ்சம் எடம் விட்டிருக்கலாம்."

சிரித்துக்கொண்டே திரும்பி வந்தேன். அவர் வழக்கம்போல முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் வைத்து, தலையை மெல்ல அசைத்துக்கொண்டிருந்தார். சார்ஜ் தீர்ந்து லேப்டாப் அணைந்து கிடந்தது. கறுத்த திரையில் அவர் முகம்தான் தெரிந்தது.

திரும்பிப் பார்த்தேன். அவர் மனைவி குசினி வாசலில் நின்றிருந்தாள். அவளுக்குத் தெரிந்திருக்கிறது. எத்தனை வாரமாகத் தெரியும் என்று கேட்க வாயெடுத்தேன். அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, வேண்டாம் என்று தலையை மட்டும் அசைத்தாள்.

"என்ன வே, சத்தத்தைக் காணோம்?" என்றார் அவர். "கோவமா?"

"கோவம் என்ன கோவம். அடுத்த மட்டம் இடம் விடுதேன்" என்றேன்.

"சரி, அடுத்த படத்தைப் போடும்."

அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். காலையில் எடுத்தது எதுவும் நினைவுக்கு வரவில்லை, அவர் எடுத்த அந்தப் பழைய பூநாரைக் கூட்டம்தான் வந்தது. திரை கறுப்பாகவே இருந்தது. எதையோ அமுக்குவதுபோல ஒரு சத்தம் கேட்பதற்காகக் கீபோர்டைத் தட்டினேன்.

"பூநாரை வே" என்றேன். "ஆறு நிக்கு. வானம் நிறைய இருக்கு, முக்கால்வாசி. தண்ணியில நிழல் விழுந்திருக்கு. இடது ஓரத்துல ஒண்ணு மட்டும் பாதி வெட்டுப்பட்டு நிக்கு."

அவர் முகத்தை மெதுவாக இடது பக்கம் திருப்பினார்.

"தெரியுது, தெரியுது" என்றார். "அது நிக்கட்டும். அதை வெட்டிராதேயும்."

"இல்ல வே, வெட்டல" என்றேன்.